37 குதிரை

கார்புரேட்டர் வைத்த மாருதி 800 எஞ்சினின் திறன் 37 குதிரை. தொழிற்சாலையிலிருந்து இறங்கிய நாளில் இருந்த கணக்கு அது. இன்றைக்கு என் பட்டறைக்கு வருகிற கார்புரேட்டர் வண்டிகளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த 37இல் இப்போது எவ்வளவு மிச்சம் என்று கேட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. பெரிய சைலன்சர் போடலாமா, கூம்பு ஃபில்டர் வைக்கலாமா, எஸ்டீம் எஞ்சினையே இறக்கிவிடலாமா என்றுதான் பேச்சு தொடங்கும். நான் போய் கம்ப்ரஷன் கேஜை எடுத்து வருவேன். புதிதாகச் சேர்க்கிற பவருக்குச் சாமான் வாங்க வேண்டும். போன பவரை மீட்கப் பெரும்பாலும் கூலிதான் ஆகும். கையில் கொஞ்சம் பணத்தோடு வருகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோவையில் தொழில் கற்றவனுக்கு 800 எஞ்சின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. 1980களின் இறுதியில் இந்த ஊர்க்காரரான கரிவரதன் அதே எஞ்சினை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பூட்டி ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். பெரிய பணம் இல்லாத பையன்களும் பந்தயம் ஓட்ட அந்த வண்டி வழி செய்தது. நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கிற ரேஸ் டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் ஒருவன் மட்டும் எப்படி முந்துகிறான் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "காத்து ஒழுகாம, நெருப்பு நேரத்துக்கு விழுந்தாப் போதும், பாதி ஜெயிச்ச மாதிரிதான்" என்பார். இவ்வளவு வருஷம் கழித்தும் ஒவ்வொரு பழைய வண்டியையும் அந்த வரிசையிலேயே பார்க்கிறேன்.

சமீபத்தில் வந்த ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். 1997 மாடல், அப்பா வாங்கியது, மகன் ஓட்டுகிறார். மகனுக்குக் கோத்தகிரியில் வேலை, வீடு கோவையில். வாரம் ஒருமுறை மலை ஏற வேண்டும். "மேட்டுப்பாளையம் தாண்டினா ஃபர்ஸ்ட் கியர்லயேதானுங்ண்ணா போகுது. பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான். சைலன்சர் மாத்துனாச் சரியாயிருமுங்களா?" என்று கேட்டார். "மாத்தலாம் தம்பி, அதுக்கு முன்னால எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பாதி மிதித்தால் காற்று உள்ளே போகாமல் கேஜ் பொய் சொல்லும். பேட்டரி இறங்கியிருந்தாலும் அப்படித்தான். முதல் சிலிண்டர் 12 கிலோ காட்டியது, இரண்டாவது பதினொன்றரை, மூன்றாவது 8. சிலிண்டர்களுக்கு இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் அடுத்த வேலையைத் தொடுவதில்லை. மூன்றாவது பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி செல்ஃப் அடித்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்துக் கேஜ் சட்டென்று ஏறும். இங்கே எட்டிலிருந்து எட்டரைக்குத்தான் போனது. அப்படியானால் போர் நன்றாக இருக்கிறது, ஒழுகுவது வால்வு வழியாக. அந்த ஒரு ஸ்பூன் ஆயிலில் ரீபோர் செலவு மிச்சமானது. வேறொரு பட்டறையில் அவருக்கு எஞ்சின் முழுசும் பிரிக்க வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள்.

வேக்குவம் கேஜும் அதையே சொன்னது. ஐடிலில் முள் நின்ற இடத்திலிருந்து சீராக ஒரு துடிப்புத் துடித்தது. ஒரு வால்வு உட்காராவிட்டால் அந்த சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் முள் விழுந்து எழும். கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் புத்தகத்தில் இருக்கிற அளவைவிட ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே முள் இறங்கி நிற்கும். கடல்மட்ட அளவை வைத்துக்கொண்டு நல்ல எஞ்சினைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. இந்த இரண்டு கேஜும் மலிவானவை. சொந்தமாக வண்டி பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிற எவரும் வேறு எந்தச் சாமானும் வாங்கும் முன் இவற்றை வாங்கட்டும்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் வெளியே இருப்பதைப் பார்த்துவிடுவது என் வழக்கம். தம்பியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் கார்புரேட்டர் பக்கம் நின்று த்ராட்டிலைப் பார்த்தேன். முக்கால்தான் திறந்தது. கேபிள் வருடக்கணக்கில் நீண்டு தளர்ந்திருந்தது, போதாததற்குப் பெடலுக்கு அடியில் தடிமனான மேட் வேறு. மேட்டை எடுத்துவிட்டு கேபிளில் இரண்டு நட்டைத் திருப்பியதும் த்ராட்டில் முழுசாகத் திறந்தது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. பவர் இல்லை என்று வருகிற பழைய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். வேக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பிளேட் நகர வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதில் நகரவே இல்லை, டயாஃப்ரம் கிழிந்திருந்தது. அது போனால் பாதி பெடலில் ஓடும்போது நெருப்பு தாமதமாக விழும், பெட்ரோல் குடிக்கும், எஞ்சின் சூடாகும். முழுப் பெடலில் வேலை செய்வது உள்ளே இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும். அவை துருப்பிடித்து இறுகியிருந்தன. பிரித்து, கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டதும் டைமிங் லைட்டில் குறி அழகாக முன்னே நகர்ந்தது. டைமிங்கைக் கம்பெனி சொன்ன அளவிலேயே வைத்தேன். காதால் கேட்டுக் கேட்டு அட்வான்ஸ் ஏற்றுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஐடிலில் எஞ்சின் குதூகலமாகத் தெரியும், மலையில் லோடு விழும்போது நாக்கிங் எடுக்கும், பிஸ்டன் ஓட்டையாகும்.

பிறகு ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் நகம் கடித்த மாதிரி ஓரிடம் எரிந்து போயிருந்தது. காரணம் டேப்பட். வால்வும் சீட்டும் தேயத் தேய இந்த எஞ்சினில் டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் வராது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இடைவெளி முழுக்கப் போனபின் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிக்கொள்வது சீட்டில் உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான். உட்கார இடமில்லாத வால்வு எரியத்தான் செய்யும். டேப்பட் சத்தம் போடுகிற எஞ்சினைவிட, வயதாகியும் சத்தமே போடாத எஞ்சின்தான் எனக்குக் கவலை.

அந்த ஒரு வால்வை மட்டும் புதிதாக வாங்கினோம். சீட்டை லேத்துக்காரரிடம் கொடுத்து மூன்று கோணத்தில் வெட்டினோம். வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி, அதற்கு மேலே 30, கீழே 60. கம்பெனி ஹெட்டில் காற்று திரும்புகிற இடம் கூர்மையாக இருக்கும். மூன்று கோணம் வெட்டினால் அந்தத் திருப்பம் வழுக்கலாகிறது. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்று எவ்வளவு போகும் என்பதை இந்த ஒன்றரை மில்லிமீட்டர் வளையம்தான் தீர்மானிக்கிறது. காசு குறைவாக இருக்கும்போது ஹெட்டில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

லேப்பிங் நானே போட்டேன். அந்த வேலையை இன்னும் யாரிடமும் விடுவதில்லை. ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, கிரைண்டிங் பேஸ்ட்டைத் தொட்டு வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். தொடங்கும்போது கரகரவென்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்து வழவழப்பாகும். அப்போது தூக்கித் துடைத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றி உடையாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உடைந்திருந்தாலும் மறுபடி உருட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஹெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, சேம்பரில் பெட்ரோல் ஊற்றி வைத்துவிட்டு டீ குடித்து வருவேன். வந்து போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஈரம் இருக்கக் கூடாது. மூன்று சிலிண்டரும் காய்ந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

ஹெட் கழன்றிருக்கும்போது செய்யக்கூடிய இன்னொரு மலிவான வேலை, மேனிபோல்டு வாயையும் ஹெட் வாயையும் பொருத்துவது. புது கேஸ்கெட்டை வைத்து இரண்டு பக்கமும் கோடு கிழித்தால் எங்கே உதடு தட்டுகிறது என்று தெரிந்துவிடும். வார்ப்பு வரப்பையும் அந்த உதட்டையும் மட்டும் உரசி எடுக்க வேண்டும். போர்ட்டைப் பெரிதாக்கக் கூடாது. பெரிய ஓட்டையில் காற்றின் வேகம் குறையும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். இன்டேக் பக்கத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் போடுகிறவர்களும் உண்டு. கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் துளிகள் அந்த வழவழப்பில் ஒட்டிச் சொட்டும். கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதே நல்லது. பாலிஷ் போட ஆசையிருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் போடலாம், கரி ஒட்டாது.

"ஹெட்டைக் கொஞ்சம் சீவிரலாமுங்களாண்ணா? கம்ப்ரஷன் கூடுமாமே" என்று தம்பி கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்விதான், பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். போர் 68.5 மிமீ, ஸ்ட்ரோக் 72 மிமீ. ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 8.7 என்றால் மேலே மிஞ்சுகிற இடம் முப்பத்தி நாலரை சிசி. ஹெட்டில் அரை மில்லிமீட்டர் சீவினால் ஒன்றரை சிசி குறையும், விகிதம் 9ஐத் தொடும். அதனால் கிடைக்கிற ஆதாயம் ஏட்டுக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று. எட்டுக் கிலோவில் கிடந்த சிலிண்டரைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்ததோடு அதை ஒப்பிடவே முடியாது. ரீபோர் கதையும் அதுதான். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் 796 சிசி 808 ஆகும், ஒன்றரை சதவீதம். ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் ரீபோர் செய்தே ஆக வேண்டும். பவருக்காக என்று செய்வது வீண். ஹெட் முகம் வளைந்திருந்தால் நேராக்குகிற அளவுக்கு மட்டும் சீவச் சொல்வேன். ஓவர்ஹெட் கேம் எஞ்சினில் அதிகம் சீவினால் கேம் கீழே இறங்கி வால்வு டைமிங்கும் பின்தங்கும்.

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிக்காரர்கள் பலருக்கு இதுதான் இப்போதைய தலைவலி. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது போதும். கலவைக்குச் சுமார் பதின்மூன்றரை. புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டரில் ஜெட் ஓட்டை அன்றைக்குத் துளைத்த அளவிலேயேதான் இருக்கிறது. அதனால் நம் பழைய எஞ்சின்கள் எட்டு சதவீதத்துக்குப் பக்கமாக பெட்ரோல் பற்றாக்குறையில் ஓடுகின்றன. மிதித்தால் திணறும், பிளக் வெள்ளையாக இருக்கும், சூடு ஏறும். ஜெட்டின் விட்டத்தை நான்கு சதவீதம் கூட்டினால் ஓட்டையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும். ஒரே ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட். அதோடு பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற சாமானாக மாற்றிவிட வேண்டும். பழைய ரப்பர் ஊறி, விரிந்து, துகளாகி ஜெட்டையே அடைத்துவிடும்.

ஆனால் இந்தத் தம்பி வண்டிக்கு நான் ஜெட்டை அப்படியே ஏற்றவில்லை. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. உயரம் 100 மீட்டர் கூடினால் எஞ்சின் நூற்றுக்கு ஒரு பங்கு பவரை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் 37 தருகிற எஞ்சின் மேலே முப்பத்தொன்றுதான் தரும். எந்தச் சைலன்சரும் அதை மாற்றாது. காற்று மெலியும்போது கார்புரேட்டர் அதற்கேற்ற அளவுக்கு பெட்ரோலைக் குறைக்கத் தெரியாமல் கூடுதலாக விடுகிறது. கோவையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது கலவை சுமார் ஏழு சதவீதம் கனத்துவிடும். எத்தனால் ஏற்படுத்திய பற்றாக்குறையை மலை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது! கீழே திணறுகிற வண்டி மேலே போனதும் சரியாக ஓடுவதாகச் சிலர் சொல்லும்போது இதுதான் நடக்கிறது. கோவைக்கு ஏற்ப ஜெட் போட்டிருந்தால் கோத்தகிரியில் பிளக் கறுத்துப் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவே வைத்துவிட்டு, மலை ஏறி இறங்கியதும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காப்பித்தூள் நிறம் இருந்தது, விட்டுவிட்டேன்.

காற்றைப் பற்றி இன்னொன்று. எஞ்சின் உறிஞ்சுகிற காற்று பத்து டிகிரி சூடானால் அதன் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும். கூம்பு ஃபில்டரை பானெட்டுக்குள் திறந்து வைத்தால் அது ரேடியேட்டரும் மேனிபோல்டும் சுட்ட காற்றைத்தான் குடிக்கும். கம்பெனி கொடுத்த பெட்டியைச் சுத்தம் செய்து, புது பேப்பர் ஃபில்டர் போட்டு, மூக்குக் குழாயை முன் கிரில் பக்கம் நீட்டிவிட்டேன். சைலன்சரில் உள்தகடு உடைந்து அடைத்துக்கொண்டிருந்ததால் அதே அளவில் புதிது மாட்டினோம். பெரிய குழாய் சத்தத்தைத்தான் கூட்டும். இந்த அளவு எஞ்சினுக்கு அதனால் கீழ் இழுவைதான் போகும்.

தம்பி வண்டியில் இருந்த மிகப் பெரிய திருடன் வெளியே எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தான். பழைய மார்க்கெட்டில் வாங்கிய 13 அங்குல அலாய் வீல், 155/70 டயர். கம்பெனி கொடுத்தது 145/70 ஆர்12. விட்டம் 508 மிமீ இருந்த இடத்தில் 547 மிமீ. கிட்டத்தட்ட எட்டு சதவீதம் உயரம். ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது, சக்கரத்தில் வருகிற இழுவை ஏழு சதவீதம் போய்விட்டது. ஹெட் சீவி, ரீபோர் செய்து கிடைக்கும் மொத்தத்தையும்விட இது அதிகம். "பார்க்க நல்லா இருக்குதுங்ண்ணா" என்று அவருக்குக் கழற்ற மனசில்லை. இருந்தாலும் விற்றார். வந்த பணத்தில் நல்ல 12 அங்குல டயர் நாலும் வாங்கி, கேஸ்கெட் செட்டுக்கும் லேத் கூலிக்கும் மிச்சம் இருந்தது. டிக்கியில் கிடந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், இரும்புக் கேரியர் எல்லாம் இறங்கின. வண்டியின் எடையே 650 கிலோ அளவுதான். அதில் 65 கிலோ இறக்கினால் பத்து சதவீதம் பவர் கூட்டியதற்குச் சமம்.

எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினை 800க்குள் இறக்குகிற வேலை பந்தயக்காரர்களிடையே பழக்கமானது, நன்றாகவும் ஓடும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது. கம்பெனி குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் ஒரு எஞ்சின், பானெட்டுக்குள் வேறு எஞ்சின் என்றால் விபத்து நடக்கிற அன்றைக்கு இன்சூரன்ஸ் கை கொடுக்காது. அதோடு பிரேக், ரேடியேட்டர், டிரைவ் ஷாஃப்ட், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றுவது கொலைக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். வேகம்தான் வேண்டும் என்கிற பையன்களை டிராக்குக்குப் போகச் சொல்கிறேன். இந்த ஊரிலேயே இருக்கிறது.

அதனால்தான் தம்பி வண்டியிலும் எஞ்சினுக்குச் செலவழித்த கையோடு பிரேக்கைப் பிரித்தேன். முன் டிஸ்க் பேடு தேய்ந்திருந்தது, பின் டிரம்மில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்தது. பிரேக் ஆயில் கறுத்திருந்தது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மலை இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இறங்கும்போதும் இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லி அனுப்பினேன்.

முதல் வாரமே போன் செய்தார். செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர மற்ற இடமெல்லாம் இரண்டாவது கியரில் ஏறுகிறது, சில இடத்தில் மூன்றாவதே இழுக்கிறது என்றார். லேப்பிங் போட்ட வால்வு உட்காரும்போது டேப்பட் இடைவெளி மாறும், ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தேன், கொண்டுவந்தார். மூன்றாவது எக்ஸாஸ்ட் கொஞ்சம் இறுகியிருந்தது. ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்துவிட்டு, மறுபடி கம்ப்ரஷன் எடுத்தேன். பன்னிரண்டரை, பன்னிரண்டு, பன்னிரண்டு.